ஏழைக்குச் சேமிக்கத் தெரியாதா?

ஏழை ஏன் ஏழையாக இருக்கின்றான் என்ற கேள்விக்கு நம் நாட்டில் இரண்டு பதில்கள் எப்பொழுதும் தயாராக இருக்கின்றன. ஒன்று, அது அவன் தலையெழுத்து, முன்ஜென்மத்து வினை என்பது. மற்றொன்று, அவனுக்குச் சிக்கனம் தெரியாது, கையில் கிடைத்ததையெல்லாம் தின்றும் குடித்தும் தொலைத்துவிடுகின்றான் என்பது. முதல் பதிலைக் கோயில் வாசலில் சொல்லுகின்றார்கள். இரண்டாவது பதிலைப் பாங்கி வாசலிலும் சர்க்கார் கச்சேரியிலும் சொல்லுகின்றார்கள். முதல் பதிலைக் கேட்டுச் சிரிக்கும் படித்தவர்கள்கூட இரண்டாவது பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுகின்றார்கள். நம்மைக் கேட்டால் இரண்டும் ஒரே பதில்தான். குற்றத்தை ஏழையின் தலையிலேயே போட்டுவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு என்றே சொல்லுவோம்.

சமீபத்தில் பாகூர் கொம்யூனில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள குருவிநத்தத்திற்கு நாம் போயிருந்தபோது, நடவு வேலைக்கும் கரும்பு வேலைக்கும் போகும் ஒரு அம்மாளிடம் பேச நேர்ந்தது. அந்த அம்மாள் ஒரு தண்டல்காரரிடம் கடன் வாங்கியிருந்தார். கையில் கிடைத்தது 9,000 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் கட்ட வேண்டியது 10,000 ரூபாய். “ஏனம்மா, தினம் 100 ரூபாய் கட்ட முடிகின்ற உங்களுக்கு, அதையே முன்னால் சேர்த்து வைத்திருந்தால் இந்தக் கடனே தேவைப்பட்டிருக்காதே?” என்று நாமும் ஊரார் கேட்கும் அதே புத்திசாலித்தனமான கேள்வியைக் கேட்டோம். அதற்கு அந்த அம்மாள் சொன்ன பதிலாவது:

“யாரிடம் சேர்க்கிறது ஐயா? தண்டல்காரர் தினம் வாசலுக்கு வருகிறார். பாங்கிக்காரர் வருகிறாரா? வீட்டுப் பானையில் போட்டு வைத்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் போகும், நாத்தனார் வந்து கை நீட்டினாலும் போகும். எனக்குக் கட்டத் தெரியாதா? ஒரு நாள் தப்பாமல் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்!”

இதைக் கேட்டபின் நமக்கு வாயடைத்துப் போயிற்று. ஏனெனில், அந்த அம்மாள் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கின்றது. 100 நாளில் 10,000 ரூபாய் சேர்த்துக் கொடுக்கும் ஒருவரைச் சேமிக்கத் தெரியாதவர் என்று எப்படிச் சொல்லுவது? அவர் சேமிக்கத்தான் செய்கின்றார். ஆனால் பணம் முதலில் வந்து சேமிப்பு பின்னால் வருகின்றது. அந்த வரிசை மாறியிருப்பதற்கு அவர் கொடுக்கும் அபராதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரம் தண்டல்காரருக்குப் போகின்றது.

இது ஏதோ குருவிநத்தத்தில் மட்டும் நடக்கின்ற அதிசயம் என்று எண்ணிவிட வேண்டாம். ஏழைகளின் பணப்புழக்கத்தைப் பல நாடுகளில் ஆராய்ந்த ஸ்டூவர்ட் ரூதர்போர்டு என்ற ஆங்கிலேயர், ஆந்திர நாட்டு விஜயவாடாவின் சேரிகளில் கண்ட ஒரு விஷயத்தை எழுதியிருக்கின்றார். அங்கே ஒரு அம்மாள் தினம் வீடு வீடாகச் சென்று பெண்களிடம் 5 ரூபாய் வீதம் வாங்குவார். 220 நாளில் 1,100 ரூபாய் சேரும். அதில் 100 ரூபாயைத் தமது கூலியாக எடுத்துக்கொண்டு 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பார். அதாவது, பணக்காரன் பாங்கியில் பணம் போட்டால் வட்டி வாங்குகின்றான். ஏழைப் பெண் பணம் போட்டால் வட்டி கொடுக்கின்றாள்! அப்படிக் கொடுத்தாவது நாலு காசு சேர்த்துவிட வேண்டும் என்று தவிக்கின்ற ஜனங்களைப் பார்த்துச் சிக்கனம் தெரியாதவர்கள் என்று சொல்லுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும். நம் ஊர்களில் ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, மொய் என்பவையெல்லாம் வேறென்ன? எல்லாம் ஏழைகளும் நடுத்தர மக்களும் பாங்கி இல்லாத குறைக்குத் தாங்களே செய்துகொண்ட பாங்கிகள்தாம். சீட்டுக்காரர் ஒரு நாள் இரவோடிரவாக ஓடிவிட்டால் அழுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

அப்படியானால் ஏழை சேமித்தும் ஏன் ஏழையாகவே இருக்கின்றான்? இதற்குப் பதில், மற்றவர்கள் எப்படிச் சேமிக்கின்றார்கள் என்று பார்த்தால் தானே விளங்கிவிடும்.

பிராவிடண்டு பண்டு சட்டப்படி, ஆலையில் 15,000 ரூபாய் சம்பளம் வாங்குகின்ற ஒரு தொழிலாளிக்கு நூற்றுக்கு 12 வீதம் 1,800 ரூபாய் பிடிக்கின்றார்கள். உடனே முதலாளியும் 1,800 ரூபாய் போட வேண்டும். அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்திற்குப் போகின்றது என்றாலும் அதுவும் தொழிலாளிக்கே. மத்திய சர்க்காரில் 2004க்குப் பிறகு சேர்ந்து தேசிய ஓய்வூதிய முறையில் இருக்கும் உத்தியோகஸ்தர் நூற்றுக்கு 10 போட்டால், 2019 முதல் சர்க்கார் 14 போடுகின்றது. பணக்காரர் விஷயமோ இன்னும் வேடிக்கை. பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தெடுத்தவர் ஆண்டுக்கு 1½ லட்சம் ரூபாய் வரை குறிப்பிட்ட சேமிப்புகளில் போட்டால் அந்தத் தொகைக்கு வரி இல்லை. நூற்றுக்கு 30 வரி கட்டும் நிலையில் உள்ளவருக்கு இதனால் மிச்சம் 45,000 ரூபாய். இதைச் சர்க்கார் அவருக்குக் கொடுத்த நன்கொடை என்றோ, இலவசம் என்றோ யாரும் சொல்லுவதில்லை. “சேமிப்பை ஊக்குவித்தல்” என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கின்றார்கள்.

ஆகவே, சேமிக்கின்றவன் போடும் பணத்தோடு இன்னொருவர் பணமும் சேர்ந்து வளர வேண்டும் என்ற நியாயம் இந்த நாட்டில் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டதுதான். ஆலைத் தொழிலாளிக்கு முதலாளி சேர்த்துப் போடுகின்றான். உத்தியோகஸ்தருக்குச் சர்க்கார் சேர்த்துப் போடுகின்றது. பணக்காரருக்கு வரிச்சலுகை சேர்த்துப் போடுகின்றது. குருவிநத்தத்துக் கூலிக்கார அம்மாளுக்கு மட்டும் சேர்த்துப் போட ஆளில்லை. அவர் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இருக்கின்றது.

பாகூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு இதை விளக்க நாம் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. பாகூர் ஏரி வானத்து மழையை மட்டும் நம்பி நிரம்புவதல்ல. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவந்து அதில் சேர்க்கின்றது. வாய்க்கால் தூர்ந்துபோனால், ஏரிக்குத் தண்ணீர் தேக்கத் தெரியவில்லை என்று யாராவது ஏரியைத் திட்டுவார்களா? வாய்க்காலைத் தூர்வாராத உத்தியோகஸ்தரைத்தானே திட்டுவார்கள்! ஏழையின் சேமிப்பும் அப்படித்தான். ஏரி இருக்கின்றது, வாய்க்கால் இல்லை.

நிற்க, இந்த வாய்க்காலை வெட்டிப் பார்த்தவர்கள் உலகத்தில் இருக்கின்றார்களா என்றால், இருக்கின்றார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக்கேல் ஷெராடன் என்பவர் 1991இல் ஒரு புத்தகம் எழுதினார். ஏழைக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் உதவி செய்தால் அவன் அன்றைய பசி தீரும், ஏழ்மை தீராது. கையில் சிறிதாவது சொத்து சேர்ந்தால்தான் நாளையைப் பற்றி நினைக்க முடியும் என்பது அவர் வாதம். அக்காலத்தில் அந்நாட்டில் பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்திற்குக் கொடுத்துவந்த உதவிப்பணத்திற்கு ஒரு நிபந்தனை இருந்தது. குடியிருக்கும் வீடு போன்ற சில நீங்கலாக 1,000 டாலருக்கு மேல் சொத்து இருந்தால் உதவி இல்லை என்பதே அது. அதாவது, சேமித்தால் தண்டனை! நம் ஊரிலும், ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினால், ஒரு அறையைக் காரை போட்டுக் கட்டினால், சிவப்பு ரேஷன் அட்டை போய்விடுமோ என்று ஏழைகள் பயந்துகொண்டிருப்பதைப் பார்க்கின்றவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றாது.

ஷெராடன் சொன்ன யோசனை, ஏழை ஒரு பங்கு சேமித்தால் அதற்கு ஈடாக ஒரு பங்கோ இரண்டு பங்கோ பொதுப்பணத்திலிருந்து சேர்த்துக் கொடுப்பது. அதை வீடு, படிப்பு, சிறுதொழில் ஆகியவற்றிற்குப் பயன்படுத்தச் செய்வது என்பதாகும். 1997இல் தொடங்கி 14 இடங்களில், சுமார் 2,400 ஏழைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஏழைகள் சேமித்தார்கள். அதிலும், மிகவும் ஏழைகளாக இருந்தவர்கள் தங்கள் வருமானத்தில் மற்றவர்களைவிடப் பெரிய பங்கைச் சேமித்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். 1998இல் அந்நாட்டுச் சர்க்கார் இதற்கு ஒரு சட்டமே செய்தது. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் பேரில் கணக்கு வைத்து, வீட்டார் ஒரு பங்கு போட்டால் இரண்டு பங்கு சேர்த்துக் கொடுத்து, மேல்படிப்புக்கு வழி செய்தார்கள். 2005 முதல் நடந்த அந்த முயற்சியிலும் பிள்ளைகளின் படிப்பு உயர்ந்தது.

இதில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் டல்சா நகரத்தில் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் சொந்த வீடு விஷயத்தில் முதலில் இருந்த வித்தியாசம் மறைந்துபோயிருந்தது. 1998 சட்டத்தின்கீழ் கொடுத்துவந்த பணத்தையும் 2017இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இது சர்வரோக நிவாரணி அல்ல. ஒரு மருந்து நல்லதா என்பதைப் பரீட்சை செய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டுமேயன்றி, மகான் சொன்னார் என்பதற்காகவோ வெள்ளைக்காரர் சொன்னார் என்பதற்காகவோ ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆனால், ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது என்ற கதை மட்டும் பரீட்சையில் தோற்றுவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

அமெரிக்கா எதற்கு? நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கின்றது. தமிழ்நாட்டில் 1975 முதல் கைத்தறிக் கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்கு ஒரு சேமிப்புத் திட்டம் உண்டு. நெசவாளர் தாம் வாங்கும் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா போட்டால், சர்க்கார் 4 பைசா போடுகின்றது. மீனவர்களுக்கும் உண்டு. மீன் குறைவாகக் கிடைக்கும் மாதங்களுக்காக, மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் சர்க்கார் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பிக் கொடுக்கின்றது. கடலில் மீன் இல்லாத மாதங்கள் இருப்பதுபோல, வயலில் வேலை இல்லாத மாதங்கள் இல்லையா? மீனவருக்கு நியாயமானது வயல் கூலிக்கு எப்படி அநியாயமாகும்?

“கூலிக்காரர்களுக்கும் திட்டம் இருக்கின்றதே” என்று சிலர் சொல்லலாம். இருக்கின்றது. 2010இல் ‘ஸ்வாவலம்பன்’ என்று ஒன்று வந்தது. ஆண்டுக்கு 1,000 முதல் 12,000 ரூபாய் வரை சேமித்தவருக்குச் சர்க்கார் 1,000 ரூபாய் சேர்த்தது. 2015இல் அதை மூடி, ‘அடல்’ பென்ஷனை வைத்தார்கள். அதில் ஆரம்பத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும், கட்டிய தொகையில் பாதி, ஆண்டுக்கு 1,000 ரூபாய்க்கு மேற்படாமல், ஐந்து வருஷம் என்று சொன்னார்கள். 2019இல் ‘சிரம் யோகி மான்தன்’ வந்தது. நம் ஜனங்களுக்கு வாயில் நுழையாத பெயராக வைப்பதில் மட்டும் குறைவில்லை. இதில் 18 முதல் 40 வயது வரையுள்ளவர் மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்ட வேண்டும். சர்க்காரும் அதே அளவு கட்டும். 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் பென்ஷன். ஐந்து வருஷத்தில் 10 கோடிப் பேர் சேருவார்கள் என்றார்கள். சேர்ந்தவர்களோ சுமார் அரைக்கோடிதான்.

ஏன் சேரவில்லை? ஏழைக்குப் புத்தியில்லை என்று மறுபடியும் ஆரம்பித்துவிடுவார்கள். 25 வயதுக் கூலிக்காரர் 60 வயது வரை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் தவறாமல் 35 வருஷம் கட்ட வேண்டும். பத்து வருஷத்திற்குள் முடியாமல் விலகினால், தான் போட்ட பணமும் சாதாரண பாங்கி வட்டியும்தான் கிடைக்கும். சர்க்கார் போட்ட பங்கு கிடையாது. மாதச் சம்பளக்காரன் யோசித்து, மாதச் சம்பளக்காரனை மனத்தில் வைத்துச் செய்த திட்டம் இது. கூலிக்காரருக்கு அடுத்த வாரம் வேலை உண்டா என்பதே தெரியாதபோது, 35 வருஷத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததுதான் புத்திசாலித்தனம்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றனவே என்றால், அவற்றால் பெண்கள் வெளியே வந்தார்கள், கூட்டம் கூடினார்கள், பாங்கிக்குள் நுழைந்தார்கள் என்பதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் 1992 முதல் நடந்துவரும் அந்த ஏற்பாட்டில் குழு சேமித்தால் பாங்கி கொடுப்பது என்ன? சேமிப்பைப்போல் இத்தனை மடங்கு கடன்! சேமித்ததற்குப் பரிசு கடன் என்றால், பத்தியம் இருந்ததற்குப் பரிசு வியாதி என்பதுபோல் அல்லவா இருக்கின்றது? குழுவுக்கு வெளியே, தனியார் நுண்கடன் கம்பெனியிடம் போனால் நூற்றுக்கு 24 வட்டி என்று வைத்துக்கொண்டாலும், 20,000 ரூபாயை இரண்டு வருஷத் தவணையில் அடைக்கும்போது வட்டி மட்டும் சுமார் 5,400 ரூபாய் ஆகிவிடும்.

இனி நமது யோசனையைச் சொல்லுகின்றோம். புதுச்சேரி சர்க்கார் முதலில் பாகூர் கொம்யூனில் ஆயிரம் குடும்பங்களுக்கு இதைச் செய்து பார்க்கட்டும். சிவப்பு அட்டைக் குடும்பத்தில் பெண்ணின் பேரில் தபாலாபீசில் ஒரு கணக்கு. தண்டல்காரர் வருவதுபோல வாசலுக்கே வந்து பணம் வாங்க ஒரு ஆள். எந்த நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். போடாத மாதத்திற்கு அபராதமில்லை. மாதம் 300 ரூபாய் வரை போடுவதற்குச் சர்க்கார் அதே அளவு போட வேண்டும். மூன்று வருஷத்தில் அவர் போட்டது 10,800. சர்க்கார் போட்டது 10,800. ஆக வட்டி நீங்கலாக 21,600 ரூபாய். கன்றோடு ஒரு மாட்டுக்கு முன்பணமோ, நாலைந்து ஆடோ, தையல் மிஷினோ, வீட்டுக் கூரையோ, பிள்ளையின் காலேஜ் செலவோ, எது வேண்டுமென்பதை அந்த அம்மாளே தீர்மானிக்கட்டும். நடுவில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் தம் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அளவுக்குச் சர்க்கார் பங்கு மட்டும் கிடையாது. இப்படிச் சேர்ந்த சொத்தைக் காட்டிச் சிவப்பு அட்டையைப் பிடுங்கக் கூடாது.

கிராமத்து ஜனங்களுக்கு ஆடு மாட்டை வாரத்துக்கு விடுவது தெரியும். ஒருவர் முதல் போடுகின்றார், ஒருவர் உழைக்கின்றார், வந்த குட்டியைப் பங்கிட்டுக் கொள்ளுகின்றார்கள். இதுவும் அதுபோலத்தான். ஒரு வித்தியாசம், இங்கே சர்க்கார் பங்கு போட்டுவிட்டுக் குட்டி கேட்காது. அவ்வளவுதான்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். ஆயிரம் குடும்பமும் ஒரு காசு குறையாமல் சேமித்தாலும் ஆண்டுக்கு ஆவது 36 லட்சம் ரூபாய். புதுச்சேரியின் 2025–26ஆம் வருஷத்து வரவுசெலவுத் திட்டம் 13,600 கோடி ரூபாய். ஆகவே பணமில்லை என்பது பொய். மனமில்லை என்பதுதான் மெய்.

குடித்துவிடுவார்கள் என்பார்கள். புதுச்சேரி சர்க்காரின் வருமானத்தில் மதுவின் பேரில் வரும் கலால் வரி ஒரு முக்கியமான பங்கு. ஏழை குடிக்கிற பணத்தை வாங்கிக்கொள்ள ஊருக்கு ஊர் கடை திறக்கத் தெரிந்த சர்க்காருக்கு, அவன் வீட்டுப் பெண் சேமிக்கிற பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு ஆளை அனுப்பத் தெரியாதா?

நம் தோழர்களிலேயே சிலர், “கூலியை உயர்த்து, நிலத்தைப் பகிர்ந்து கொடு என்று கேட்பதை விட்டுவிட்டு உண்டியல் பேச்சு எதற்கு?” என்று கேட்கக்கூடும். இது நியாயமான கேள்வி. கூலி உயர்வுக்குப் பதிலாக இதைக் கொண்டுவந்தால் நாமே முதலில் எதிர்ப்போம். அன்றியும், ஒரு காசும் மீத்துவைக்க முடியாத கிழவர், நோயாளி, தனித்து நிற்கும் விதவை ஆகியவர்களைப் பார்த்து, “நீ சேமிக்கவில்லை, ஆகையால் உனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லவும் இது ஒரு சாக்காகிவிடக் கூடாது. அவர்களுக்கு நிபந்தனையில்லாத உதவியே வேண்டும். ஆனால் கூலி உயரும் வரை, நிலம் கிடைக்கும் வரை, தினம் 100 ரூபாய் தண்டல்காரருக்குப் போய்க்கொண்டே இருக்கட்டும் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கையில் நாலு காசு உள்ள கூலிக்காரர்தான், குறைந்த கூலிக்கு வரமாட்டேன் என்று நாலு நாள் வீட்டில் உட்கார முடியும்.

இதை யார் கேட்பது என்பதே கடைசிக் கேள்வி. புதுச்சேரியில் 2006இல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அந்தப் பஞ்சாயத்துகளின் காலம் 2011இல் முடிந்தபிறகு, ஏதோ ஒரு காரணம் சொல்லித் தேர்தலை வருஷக்கணக்காகத் தள்ளிக்கொண்டே வந்திருக்கின்றார்கள். ஆகவே ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தப் பிரதிநிதியிடம் போய்க் கேட்கும் வழியும் அடைபட்டுக் கிடந்திருக்கின்றது. அதனால் ஜனங்கள் சும்மா இருந்துவிட வேண்டும் என்பதில்லை. குருவிநத்தம், பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துத் தோழர்கள் ஒவ்வொரு தெருவிலும் போய், தண்டலுக்கும் கம்பெனிக்கும் மாதம் எவ்வளவு போகின்றது என்று ஒரு கணக்கு எடுக்கட்டும். அந்தக் கணக்கைத் தங்கள் சட்டசபை மெம்பர் கையில் கொடுத்து, “இவ்வளவு பணம் கட்டத் தெரிந்தவர்களுக்குச் சேமிக்கத் தெரியாதா?” என்று கேட்கட்டும். அவர் என்ன பதில் சொல்லுகின்றார் என்பதை எழுதினால், அதையும் இப்பத்திரிகையில் வெளியிடக் காத்திருக்கின்றோம்.